வர்ணித்து எழுதினால் "அருமை" என்கிறார்கள், ஆனால் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. என்ன செய்வது?

சுருள்வில்:

வணக்கம். நாலு மாதமாக ஒரே பத்தியில் நிற்கிறேன்.

என் தாத்தா கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. என் மகளுக்கு அப்போது நினைவு தெரியாத வயது. அவளுக்காகத் தாத்தாவை எழுதி வைக்க வேண்டும். தொடக்கம் இது:

"தாத்தாவின் அறை மிகவும் அமைதியானது. அழகான பழைய மேசை ஒன்று அங்கே கம்பீரமாக வீற்றிருக்கும். அதன்மேல் விதவிதமான கருவிகள் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும். தாத்தா ஒல்லியான உருவம், கூர்மையான மூக்கு, அன்பு ததும்பும் கண்கள், வெள்ளி போல மின்னும் முடி கொண்டவர். மிகுந்த பொறுமைசாலி. தவம் செய்யும் முனிவர் போல வேலையில் ஆழ்ந்திருப்பார்."

மூன்று பேரிடம் கொடுத்தேன். மூவரும் "அருமை" என்றார்கள். அதில் ஒருத்தி தாத்தாவைப் பார்த்ததே இல்லை. "அவர் எப்படி இருப்பார், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வயசானவர், நல்லவர்" என்றாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1888-இல் வெளிவந்த தன் நாவல் ஒன்றின் முன்னுரையில், தன் ஆசான் ஃப்ளோபேர் கொடுத்த பயிற்சியைச் சொல்கிறார். வண்டிக் குதிரைகள் வரிசையாக நிற்கும் இடத்தைக் கடந்து போகிறாய். அதில் ஒரு குதிரை, முன்னும் பின்னும் இருக்கிற ஐம்பது குதிரைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரே சொல்லில் காட்டு. படித்தபோது சிலிர்த்தது. ஆனால் அதை எப்படிச் செய்வது?

என் மண்டைக்குள் தாத்தா தெளிவாகத்தான் இருக்கிறார். மேசைப் பக்கம் நான் போனாலே தலையைத் தூக்காமல் "மூச்சு விடாதே" என்பார். ஒரு தும்மல் போட்டால் திருகாணி பறந்துவிடுமாம். ராத்திரி படுக்கப் போகும்போதுகூட, லென்ஸ் அழுத்திய வட்டம் வலது கண்ணைச் சுற்றி அப்படியே இருக்கும். இவ்வளவும் தெரிகிறது. வர்ணனை என்று உட்கார்ந்தால் மட்டும் மேலே உள்ளதுதான் வருகிறது.

படிக்கட்டு:

அடைமொழிகளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். "அழகான", "கம்பீரமாக", "விதவிதமான", "நேர்த்தியாக" எல்லாம் போனபிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்களிடம் உண்மையில் இருப்பது. பிறகு ஐந்து புலனுக்கும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது, சுவைத்தது. எனக்கு இது கைகொடுத்திருக்கிறது.

கைப்பிடிச்சுவர்:

சுருள்வில், உங்கள் தாத்தாவை நான் பார்த்துவிட்டேன். பத்தியில் இல்லை, கேள்வியின் கடைசியில். "மூச்சு விடாதே", கண்ணைச் சுற்றிய வட்டம். அந்த இரண்டையும் படித்ததும் என் கை தானாக என் கண்ணோரத்துக்குப் போனது. வர்ணனை என்று நினைக்காமல் எழுதிய இடத்தில் உங்களுக்கு வர்ணனை வந்திருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எனக்கு ஏழு வயதிலிருந்து அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதக் கற்றது அவனிடம்தான்.

சின்ன வயதில் ஜன்னல் பக்கம் நின்று "மழை ரொம்ப அழகா இருக்குடா" என்றேன். "அது உனக்கு. அங்க என்ன நடக்குது, அதைச் சொல்லு" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. "அழகு" என்ற சொல்லில் என் மனசு இருந்ததே தவிர மழை இல்லை. எதிர்க் கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்குகிறது, காற்று வந்தால் எல்லா நூலும் ஒரே பக்கம் சாய்கிறது என்றேன். கையை நீட்டி விரல்களைச் சாய்த்துப் பார்த்தான். "இப்படியா?" அப்படித்தான்.

இன்றுவரை எந்த இடத்தைச் சொல்லத் தொடங்கினாலும் அவன் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீ எங்க நிக்கிற?" வாசலிலா, நடுவிலா, மேலே இருந்து குனிந்து பார்க்கிறேனா? அது தெரியாமல் "இடது பக்கம் அலமாரி" என்றால் யாருக்கு இடது? உங்கள் பத்தியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கேள்வியில் தெரிகிறது. மேசை உயரம் வளர்ந்த ஒரு பிள்ளை, பக்கத்தில் வரத் துடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆட்களைப் பற்றி ஒன்று. ஒருமுறை வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவர் போனபிறகு தம்பியிடம் சொன்னேன்: "உயரம், ஒல்லி, மாநிறம், நீள முகம்." "அப்படி எத்தனை பேர் இருப்பாங்க?" என்றான். வாய் அடைத்துப் போனேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசும்போதெல்லாம் கைப்பையோட ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாங்க" என்றேன். உடனே நிமிர்ந்தான். "அந்த 'சர்ர்ர்' சத்தம் அதுதானா? அவங்க ஏதோ கேக்க வந்து கேக்காமப் போயிட்டாங்க." மறுநாள் அவர் ஃபோன் செய்தார். அவன் சொன்னது சரி. "பதற்றமா இருந்தாங்க" என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். ஜிப்பைச் சொன்னதால் பதற்றத்தை அவனே கண்டுபிடித்தான். தானே கண்டுபிடித்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. "மிகுந்த பொறுமைசாலி" என்று நீங்கள் எழுதினால் உங்கள் மகள் நம்புவாள். "மூச்சு விடாதே" என்று எழுதினால் அவளும் மூச்சை நிறுத்துவாள்.

படிக்கட்டு சொன்ன ஐந்து புலன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஐந்தையும் வரிசையாக வைத்தால் படிவம் நிரப்பியது மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் எது முன்னால் வந்து நிற்கிறதோ அதற்கு மட்டும் சரியான சொல்லைத் தேடுங்கள். "ஒரு வாசனை வந்தது" என்றால் தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான். நெடியா, மக்கல் வாடையா, வீச்சமா, புழுங்கலா? பெயின்ட் அடித்த அறையில் இருப்பது நெடி, அது மூக்கைக் குத்தும். நாள்பட்டு மூடிவைத்த துணிப்பெட்டியில் மக்கல், அது தொண்டை வரைக்கும் இறங்கும். சத்தமும் அப்படியே. படியில் ஒருவர் "தடதட"வென்று வந்தால் அவசரம், "திடுதிடு"வென்று வந்தால் கனத்த உடம்பு அல்லது பல பேர், "சரசர"வென்றால் துணியோ காகிதமோ உரசுகிறது. நம் மொழியில் இரட்டைக்கிளவி கொட்டிக்கிடக்கிறது. எழுத உட்காரும்போது மட்டும் எல்லாரும் "சத்தம் கேட்டது" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

"அறை அமைதியானது" என்கிறீர்கள். அமைதியாக இருந்ததால் அங்கே என்ன கேட்டது?

பயிற்சி கேட்டீர்கள். நான் செய்வது: ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு இருபது வரி எழுதுவது. போன வாரம் எங்கள் கத்தரிக்கோல். முதல் ஆறேழு வரி யார் வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் பொருந்தும். இரும்பு, இரண்டு வளையம், கூர்முனை. பத்தாவது வரிக்கு அப்புறம்தான் கண் திறந்தது. பெரிய வளையத்தில் துணிநாடா சுற்றியிருக்கிறது, கட்டைவிரல் படும் பக்கம் மட்டும் நாடா கறுத்திருக்கிறது. அலகின் நுனியில் ஒரு அங்குலம்தான் பளபளக்கிறது, மற்ற இடமெல்லாம் மங்கல். அம்மா அதில் துணி வெட்டுவதில்லை, நூலை மட்டும்தான் நறுக்குகிறார், அதுவும் நுனியால். ஆணி தளர்ந்திருப்பதால் திறக்கும்போது ஒரு "கிளுக்", மூடும்போது சத்தமே இல்லை. பதினைந்தாவது வரியில் நான் கத்தரிக்கோலை எழுதவில்லை, அம்மாவை எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் தாத்தாவின் கருவிகள் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம்_மெய்ப்பு:

பல வருஷம் மெய்ப்பு பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும்.

முதலாவது, உங்கள் வாக்கியங்களின் வால். வீற்றிருக்கும், அடுக்கப்பட்டிருக்கும், ஆழ்ந்திருப்பார். தமிழில் வினை கடைசியில் வருகிறது, வாசகர் காதில் கடைசியாகத் தங்குவதும் அதுதான். அந்த இடத்தை "இரு" என்ற வினைக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தால் பத்தி அசையாது. மேசை "வீற்றிருக்க" வேண்டாம். ஜன்னலை ஒட்டிக் கிடக்கட்டும், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கட்டும், பாதி அறையை அடைக்கட்டும். ஒவ்வொரு வினையும் வேறொரு மேசையைக் கொண்டுவரும்.

இரண்டாவது, உவமை. தொல்காப்பியம் உவமையை நான்கு வகையாகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்). புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒக்கிறது. மழை போன்ற கொடைக்கை என்றால் விளைவு ஒக்கிறது. உடுக்கை போன்ற இடை என்றால் வடிவம், பொன் போன்ற மேனி என்றால் நிறம். உவமை எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கில் எது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் வராவிட்டால் அடித்துவிடுவேன்.

உங்கள் முனிவரைப் பாருங்கள். செயலில் ஒப்பா? முனிவர் அசையமாட்டார், தாத்தாவின் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன. முனிவர் கண்ணை மூடியிருப்பார், தாத்தாவுக்குக் கண்தான் வேலையே. வடிவமா? இல்லை. மிஞ்சுவது "ஆழ்ந்திருத்தல்" என்ற பொதுக் கருத்து ஒன்றுதான். அது வேலை செய்யும் எந்த மனிதருக்கும் பொருந்தும். வெள்ளி முடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அத்தனை கைகளில் புழங்கித் தேய்ந்த உவமை அது. தாத்தாவின் மேசையிலிருந்தே உவமை கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் உவமையே வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்வதையும் நம் இலக்கணக்காரர்கள் தன்மை நவிற்சி என்று ஓர் அணியாகவே மதித்திருக்கிறார்கள்.

கைப்பிடிச்சுவர்:

ஐயா, இந்த நான்கையும் இப்போதுதான் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாலுல எனக்கு ஒண்ணுதான் வேண்டாம், உரு" என்றான். பொன் போன்ற, பால் போன்ற, மை போன்ற எல்லாம் அவனுக்கு வெறும் சொற்கள். மற்ற மூன்றும் முழுசாகப் போய்ச் சேர்கின்றன. வடிவத்தை அவன் கையால் அறிவான், செயலைக் காதாலும் உடம்பாலும் அறிவான். நாம் எழுதும் உவமைகளில் நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. இன்றைக்கு எனக்கு இது புதுப் பாடம்.

வரைகோல்:

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். இடத்தை எழுதுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அறை முழுக்க ஒரே நொடியில் கிடைத்துவிடும். எழுத்தில் அது நடக்காது, ஒவ்வொரு சொல்லாகத்தான் அறை கட்டப்படுகிறது. ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766-இல் 'லாவோகோன்' என்ற நூலில் இதைத்தான் விளக்கினார். ஓவியம் இடத்தில் விரிகிறது, கவிதை காலத்தில் விரிகிறது. அவர் காட்டும் உதாரணம், கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் வரும் வீரன் அக்கிலிஸின் கேடயம். செய்து முடித்த கேடயத்தை முன்னால் வைத்துக்கொண்டு "இங்கே இது, அங்கே அது" என்று ஹோமர் அடுக்கவில்லை. கொல்லன் அதை அடித்துச் செய்வதைக் காட்டுகிறார். ஒவ்வொரு உருவமாக நம் கண்முன் ஏறுகிறது.

உங்கள் மேசைக்கும் அதே வழி. "விதவிதமான கருவிகள் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும்" என்பது முடிந்துபோன கேடயம். தாத்தா உட்காரட்டும். எதை முதலில் எடுப்பார்? அடுத்தது எது? அவர் கை போகும் வரிசையில் மேசை தானாக விரியும்.

இன்னொன்று, பெரியதை முதலில் சொல்லிவிடுங்கள். ஜன்னல் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், அறை எவ்வளவு பெரிசு. நீங்கள் சொல்லாவிட்டால் வாசகர் தானாக ஒரு சுவரை எழுப்பிவிடுவார். ஐந்தாவது பத்தியில் வந்து "அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்" என்றால் அவர் கட்டியதை இடிக்க வேண்டியிருக்கும். அளவை அடி அங்குலத்தில் சொல்வதைவிட உடம்பால் சொல்வது சீக்கிரம் புரியும். குனிந்து நுழையும் வாசல், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும் அறை, இந்த மாதிரி.

சுருள்வில்:

எல்லாருக்கும் நன்றி. கைப்பிடிச்சுவர் அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அழுதேன். தாத்தாவின் இடுக்கி என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அதன் இரண்டு பக்கத்திலும் பிடிக்காக வெட்டியிருந்த கோடுகள், விரல் படும் இடத்தில் மட்டும் மழுங்கி வழவழவென்று ஆகியிருக்கின்றன. என் விரலை அங்கே வைத்தேன். என் கைக்கு அந்தத் தேய்மானம் பொருந்தவில்லை. அவர் விரல் பெரியது.

திருத்தி எழுதியது:

"தாத்தாவின் அறையில் நுழைந்ததும் கடிகாரங்கள் கேட்கும். ஒன்றோடு ஒன்று சேராது, ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கும். அறையில் ஜன்னல் ஒன்றுதான், மேசை அதில் முட்டிக்கொண்டு கிடந்தது. தாத்தா உட்கார்ந்தால் மேசை விளிம்பு அவர் நெஞ்சைத் தொடும், எனக்கு மூக்கைத் தொடும். முதலில் இழுப்பறையிலிருந்து வெள்ளைத் துணி வரும். அதை விரித்து இரண்டு தடவை நீவுவார். பிறகு இடுக்கி. பிறகு ஊசிமுனைத் திருப்புளி. லென்ஸ் கடைசியில்தான். அது வலது கண்ணில் ஏறியதும் வாய் லேசாகத் திறந்துகொள்ளும். 'மூச்சு விடாதே.' நான் பிடித்துக்கொள்வேன். எறும்புத் தலை அளவு திருகாணி ஒன்று இடுக்கியில் ஏறி, துணியைக் கடந்து, குழியில் இறங்கும். அவர் மூச்சு விட்டபிறகு நான் விடுவேன். பாதியில் எழுந்து போனால், கழற்றிய சக்கரங்கள் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவார். ராத்திரி விளக்கடியில் பார்த்தால் வலது கண்ணைச் சுற்றி லென்ஸின் வட்டம் அழுந்திக் கிடக்கும். ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்தேன். பள்ளமாக இருந்தது."

மூக்கு, முடி எல்லாம் போய்விட்டது. அது சரியா?

மூன்றாம்_மெய்ப்பு:

சரி. மூக்கு கூர்மையானதா என்று இப்போது நான் தேடவே இல்லை. "எறும்புத் தலை அளவு" நல்ல உவமை, நிற்கட்டும். "லேசாக" என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். "வாய் திறந்துகொள்ளும்" என்றாலே போதும் என்று தோன்றுகிறது.

கைப்பிடிச்சுவர்:

தம்பிக்கு இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை "அவர் மூச்சு விட்டபிறகு நான் விடுவேன்" வந்தபோது அவனும் பெருமூச்சு விட்டான். பள்ளமாக இருந்தது என்ற இடத்தில் தன் கண்ணைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டான். உங்கள் தாத்தா அவனிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

அவன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான்: டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே கடிகாரம் ஓடும் சத்தம் வெளியே கேட்குமா?

சுருள்வில்:

கேட்காது, ஏனென்றால் கழற்றிய கடிகாரம் ஓடாது. எல்லாவற்றையும் பூட்டி முடித்து, சாவியை நாலு சுற்று கொடுத்தபிறகுதான் சத்தம் வரும். தாத்தா முதலில் தன் காதில் வைத்துக் கேட்பார். தலையை ஆட்டிக்கொண்டே எண்ணுவார். பழைய கடிகாரம் நொடிக்கு 5 துடிப்பு, ஒரு மணி நேரத்துக்கு 18,000 என்பார். பிறகு என் தலையைத் தன் பக்கம் சாய்த்து, கடிகாரத்தை என் காதில் வைப்பார். அவர் உள்ளங்கை சூட்டில் அது வெதுவெதுப்பாக இருக்கும்.

இதை நான் எழுதவே இல்லையே. தம்பியிடம் சொல்லுங்கள் அக்கா.